பனி இளகும் நாட்களில், நடந்தபடி பின்னுகிறவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஏரிக்கரை (ஒஸ்லோ)

மார்ச் கடைசி வாரம். சொங்ஸ்வான் ஏரிப் பாதை அந்த நேரத்தில் எப்படிக் கிடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் படும் இடமெல்லாம் சேறு, மரநிழலில் ஐஸ், அதன்மேல் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய சரளை. எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி போய்க்கொண்டிருந்தார். சப்பாத்தில் வழுக்காமலிருக்க முள் பட்டை மாட்டியிருந்தார். மேலங்கிப் பையிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு நூல்கள் மேலே வந்துகொண்டிருந்தன. கையுறை பின்னுகிறார். செல்பு ரோஜா என்று இங்கே சொல்லும் எட்டு இதழ்ப் பூவேலை பாதி முடிந்திருந்தது. குனிந்து பார்க்கவே இல்லை.

கடந்து போகும்போது வணக்கம் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அங்கே குளிர்காலத்தில் பெண்களுக்குக் கைவேலை என்ன என்று கேட்டார். எங்களுக்குக் குளிர்காலமே இல்லை, அம்மா பனையோலைப் பெட்டி இழைப்பார் என்றேன். அந்த இடத்தில் அவர் நடையும் நின்றது, ஊசிகளும் நின்றன. "அடியைத் தொடங்க எத்தனை ஓலை வேண்டும்?" என்றார்.

அம்மா விறாந்தையில் இருந்து ஓலையைக் கால் பெருவிரலால் அழுத்திப் பிடிப்பது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. எத்தனை ஓலை என்பது தெரியாது. தெரியாது என்றேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு மறுபடி பின்னத் தொடங்கினார். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை. நடந்தபடி பின்னும் யாரையாவது சந்தித்தவர்கள் எழுதுங்கள்.

வடதிசை (டிரொம்சோ)

தம்பி, மார்ச்சில் சேறு என்கிறீர்கள். எங்களுக்கு அப்போது வீட்டு வாசலில் ஆள் உயரப் பனி. இங்கே வட நோர்வேயில், குளிர்காலத்தில் வாரக்கணக்கில் மறைந்திருந்த சூரியன் ஜனவரி 21 வாக்கில் திரும்பி வருவான், அன்று ஊரே இனிப்பு பன் சாப்பிடும், அதோடு சரி. தரையைப் பார்க்க மே வரை காத்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது மகனின் கையுறை பற்றி. மாமி ஊருக்குத் திரும்புவதற்கு முன் பின்னிக் கொடுத்த சிவப்புக் கையுறை. பாலர் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போய், நவம்பர் இருட்டில் ஒன்றைத் தொலைத்துவிட்டு வந்தான். தேடினோம், பனி மூடிவிட்டது. ஏப்ரல் முடிவில் கரையோரக் குவியல்கள் உருகும்போது குளிர்காலம் முழுக்கத் தொலைந்தவை ஒவ்வொன்றாக வெளியே வருமே, கண்டெடுப்பவர்கள் வேலிக் கம்புகளில் செருகிவிட்டுப் போவார்களே, அப்படி ஒரு கம்பில் அது இருந்தது. விரல் மேலே நீட்டியபடி.

கழற்றி உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். பெருவிரல் நுனியில் ஓட்டை இல்லை. தொலைந்தபோது அங்கே ஓட்டை இருந்தது, நிச்சயமாக இருந்தது. அன்று காலையில்தான் தைக்க வேண்டும் என்று நினைத்து அப்படியே அனுப்பியிருந்தேன். இப்போது அந்த இடத்தில் நீல நூல், உள்பக்கமாக, முடிச்சு உறுத்தாத அளவுக்கு நுணுக்கமாக இழையோடியிருந்தது. யாரோ எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் காயவைத்து, ஓட்டையை அடைத்து, திரும்ப நடந்து வந்து அதே வேலியில் செருகியிருக்கிறார்கள். யார்? பஸ்ஸில் யார் கையிலாவது நீல நூல் தெரிந்தால் இன்றும் என் கண் அங்கே போய்விடுகிறது. மாமிக்குப் போனில் சொன்னபோது, "நல்ல கை" என்று மட்டும் சொன்னார்.

பின்னல் ஆசிரியை (குன்னூர்)

இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். ஏரிக்கரைத் தம்பி பார்த்ததைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் இரண்டு நிற நூலை வைத்துக்கொண்டு, எண்ணிப் பின்ன வேண்டிய பூவேலையை ஐஸ் மேல் நடந்தபடி செய்தார் என்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அவர் பெருவிரல் பகுதியையோ மணிக்கட்டுப் பட்டையையோ பின்னிக்கொண்டிருக்கலாம். கான்வென்ட்டில் நாங்கள் கற்றதும் கற்பித்ததும் வலக்கையில் நூலைப் பிடித்து ஊசிமேல் சுற்றும் முறை. அந்த முறையில் ஒவ்வொரு கண்ணிக்கும் வலக்கை ஊசியை விட்டு அசைய வேண்டும், நடக்கும்போது அது ஒத்துவராது.

என் அனுபவம் சிறியது. இங்கே உங்களைப் போல் வசந்தம் கிடையாது. ஜனவரி உறைபனி நின்று, பிப்ரவரியில் காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்திருக்கும், அவ்வளவுதான். அப்படி ஒரு காலையில் தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அம்மாள், இறந்துபோன கணவரின் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து பேரனுக்குப் பின்னித் தரக் கேட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது, ஆனால் பிரிப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு கைகளையும் நீட்டியபடி அவர் பின்னோக்கி நடக்க, நான் ஸ்வெட்டரைப் பிரித்துப் பிரித்து அவர் கைகளில் நூலைச் சுற்றிக்கொண்டே தேயிலைப் பாதையில் போனேன். கழுத்துப் பகுதியிலிருந்து தொடங்கி மார்பு வரை வந்தபோது போதும் என்றார். மீதியைப் பிரிக்க விடவில்லை. அந்தப் பாதி ஸ்வெட்டரை மடித்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நடந்தபடி பின்ன ஆசைப்படுகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். காலுறையின் நீளப் பகுதியில் தொடங்குங்கள். சுற்றிச் சுற்றி ஒரே கண்ணிதான், எண்ண வேண்டியதில்லை. குதிகாலை வீட்டில் உட்கார்ந்து பின்னுங்கள், அங்கே திருப்பங்கள் உண்டு. நூல் உருண்டையைக் கக்கத்தில் இடுக்காதீர்கள். தோளில் தொங்கும் சிறு பையில் போட்டு, வாயைக் கொஞ்சம் மட்டும் திறந்து வையுங்கள். கறுப்பு நூல் வேண்டாம், மாலை வெளிச்சத்தில் கண்ணி தெரியாது. குளிரில் விரல் இறுகும், அதனால் பின்னலும் இறுகும். வெளியே பின்னியதை வெளியே அளக்காதீர்கள், வீட்டுக்குப் போய்க் கை சூடான பிறகு அளந்து பாருங்கள். பிரித்த பழைய நூலை உடனே பின்ன வேண்டாம். நெளிவு போகாது. சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கனமான ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் நேராகும். கொதிநீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி ஒட்டிக்கொண்டு சுருங்கிவிடும், பிறகு எதற்கும் உதவாது.

ஏரிக்கரை (ஒஸ்லோ)

டீச்சர், மணிக்கட்டுப் பட்டை இல்லை. ரோஜாவின் நடுப்பகுதியை நான் பார்த்தேன். இங்கே நூலை இடக்கைச் சுட்டுவிரலில்தான் பிடிப்பார்கள், இரண்டு நிறத்தையும் அதே விரலில். வலக்கை ஊசி எந்த நிறம் வேண்டுமோ அதைக் கொத்தி இழுத்துக்கொள்ளும். செல்பு என்ற ஊரில் மாரித் எம்ஸ்தா என்ற இளம்பெண் 1857இல் இந்தக் கறுப்பு வெள்ளைக் கையுறையைப் பின்னித் தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போனதிலிருந்து தாயிடமிருந்து மகளுக்கு வந்த வேலை இது. சிறுவயதிலிருந்து பின்னுகிறவருக்கு எண்ணிக்கை விரலிலேயே இருக்கும். என் அம்மாவுக்கு ஓலை இருந்ததைப் போல.

பனிச்சாலை (வேலூர்)

ராணுவத்தில் ஓட்டுநராக இருந்தேன். இமாச்சலப் பிரதேசத்து லாஹுலில், கேலாங் பக்கம். ரோதாங் கணவாய்க்கு அடியில் சுரங்கப்பாதை வருவதற்கு முந்தைய காலம். அது 2020இல்தான் திறந்தது. அதற்கு முன் கணவாய் மூடினால் மாதக்கணக்கில் மூடியதுதான், அந்தப் பள்ளத்தாக்கு தனித்துக் கிடக்கும்.

ஏப்ரலில் பனி இளகும்போதுதான் பயம் அதிகம். பகல் வெயிலில் மேலே உள்ள பனி தளர்ந்து சரிவில் இறங்கும். எங்கள் வண்டிகள் வரிசையாக நிற்க, சாலையைச் சரிபார்க்க நாங்கள் சிலர் நடந்து போனோம். எதிரே ஊர்ப் பெண் ஒருவர் முதுகில் விறகுச் சுமையோடு, காலுறை பின்னிக்கொண்டு வந்தார். டீச்சர் அம்மா சொன்ன பை எல்லாம் இல்லை. நூல் அவர் அங்கிக்குள்ளிருந்து வந்தது. ஊசிகள் குட்டையாக இருந்தன. சுமையின் கயிறு நெற்றியில் இருந்ததால் இரண்டு கைகளும் விடுதலை. எங்களைப் பார்த்துச் சிரித்தார், விரல்கள் நிற்கவில்லை.

ஒரு வளைவில் அவர் சட்டென்று பின்னலைச் சுருட்டி அங்கிக்குள் வைத்தார். சாலையில் எங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதே பனி, அதே சரிவு. அவர் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, பேசாமல், வேகமாக அந்த இடத்தைக் கடந்தார். கடந்ததும் வெளியே எடுத்து, விட்ட கண்ணியிலிருந்து தொடர்ந்தார். எங்கள் சுபேதார் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். வண்டிகளை அன்று அந்த வளைவுக்கு முன்பே நிறுத்திவைத்தோம். இரவு உறைந்த பிறகு, விடியற்காலையில்தான் கடந்தோம். சரிவு விழுந்ததா இல்லையா என்று கேட்பீர்கள். மதியம் விழுந்தது. மண்ணும் பாறையும் கலந்த பனி சாலையை மூடிக் கீழே ஆறு வரை போனது.

அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

ஸ்கார்பரோ மாமா

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் இளையவர்கள் இதைப் படித்துவிட்டு ஊசியோடு ஐஸில் இறங்கிவிடக் கூடாது என்ற கவலையில் எழுதுகிறேன்.

இங்கே டொரொண்டோவில் ஹைலண்ட் க்ரீக் ஓடை ஓரமாக நானும் மனைவியும் நடப்போம். மார்ச்சில் செந்தோள் கறுப்புக் குருவி வந்து நாணலில் உட்கார்ந்து கத்தத் தொடங்கினால் குளிர் முடிகிறது என்று கணக்கு. அந்தக் குரல் கேட்டு மனைவி அண்ணாந்தார், கையில் பின்னல், கால் வழுக்கியது. ஊசி உள்ளங்கையில் இறங்கிவிட்டது. அவர் அழவில்லை. "குருவி எங்கே?" என்றுதான் கேட்டார்.

ஆகவே கேளுங்கள். மார்ச், ஏப்ரலில் பகலில் உருகுவது இரவில் உறையும். காலை நடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியாமல் தரையில் மெல்லிய ஐஸ் படர்ந்திருக்கும், தார்ச்சாலை வெறுமனே ஈரமாக இருப்பதாகத் தோன்றும். பத்து மணிக்குப் பிறகு போங்கள். உலோக ஊசி வேண்டாம், குளிரை விரலுக்கு ஏற்றும், விழுந்தால் குத்தும். மூங்கில் ஊசி உடைந்துவிடும், அதுவே நல்லது. ஊசி முனைக்கு ரப்பர் மூடி கிடைக்கிறது, நிற்கும்போதெல்லாம் மாட்டிக்கொள்ளுங்கள். உள்ளே கம்பளி உடை போடுங்கள், பருத்தி வேண்டாம். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் உடம்புக்கு ஈரம் தெரியாமல் வைத்திருக்கும். பருத்தி நனைந்தால் சில்லிட்டுவிடும். மெல்லிய வெயிலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றாதீர்கள். உருகும் ஏரி, ஓடைமேல் ஒருபோதும் கால் வைக்காதீர்கள். வடதிசைத் தங்கச்சி, பிள்ளையின் கையுறை இரண்டையும் ஒரு நூலால் இணைத்து, அங்கிக் கைகளுக்குள்ளால் விட்டால் தொலையாது.

வடதிசை (டிரொம்சோ)

மாமா, பாலர் பள்ளியில் அந்தக் கயிறு கூடாது. சறுக்கு மரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். அக்காவுக்குக் கை ஆறியதா?

இரவுப் பணி (லெர்விக்)

ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவில் தாதியாக வேலை செய்கிறேன். இங்கே முன்பெல்லாம் பெண்கள் சதுப்பு நிலத்து எரிகரியை முதுகுக் கூடையில் சுமந்தபடி பின்னிக்கொண்டு நடந்தவர்கள். இடுப்பில் ஒரு வார், அதில் துளைகள் போட்ட தோல் திண்டு, வலது ஊசியின் முனையை அந்தத் துளையில் செருகிவிட்டால் கை அதைத் தாங்க வேண்டியதில்லை. டீச்சர் சொன்ன வலக்கை முறைதான் இவர்களுடையதும். ஆகவே கை காரணமில்லை டீச்சர், வார்தான் காரணம்.

ஜனவரியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்த ஒரு மூதாட்டி எங்கள் வார்டில் இருந்தார். ஏப்ரல் வந்து ஜன்னலுக்கு வெளியே டாஃபடில் பூத்தும் நடக்க மறுத்தார். இரண்டு கையும் நடைச்சட்டத்தில் இருந்தால் எனக்குக் கால் வராது என்றார். மகன் அந்த வாரைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி உடுப்பின்மேல் அதைக் கட்டிக்கொண்டு, ஊசியைச் செருகி, தாழ்வாரத்தில் எழுந்து நின்றார். உடற்பயிற்சி நிபுணர் ஒரு பக்கம், நான் மறுபக்கம், பிடிக்கத் தயாராக. ஸ்கார்பரோ மாமா சொல்லும் பயம் முழுவதும் எங்களுக்கு இருந்தது. ஊசிகளின் சத்தம் ஒழுங்கானதும் கால்களும் ஒழுங்காகின. மருந்தறை வரை போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு, பின்னலை உயர்த்திப் பார்த்து, "அரை வரிசை" என்றார். மறுவாரம் வாசல் கதவு வரை இரண்டு வரிசை.

எத்தனை மீட்டர் நடந்தார் என்று நான் குறிப்பேட்டில் எழுதினேன். வரிசையையும் எழுது என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். படிவத்தில் மீட்டருக்குத்தான் கட்டம். எழுதியிருக்க வேண்டும், ஓரத்திலாவது.

பின்னல் ஆசிரியை (குன்னூர்)

லெர்விக் மகளே, ஒப்புக்கொள்கிறேன், வார் இருந்தால் வலக்கையாலும் முடியும். அந்தத் தோல் திண்டுக்குள் என்ன அடைத்திருந்தது? குதிரைமயிர் என்று எங்கள் கான்வென்ட்டில் ஒரு கன்னியர் சொன்ன நினைவு. துளைகள் எத்தனை, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி என்றும் பார்த்து எழுதம்மா. இங்கே குன்னூர் பெட்ஃபோர்டில் செருப்புத் தைக்கும் ஒருவர் இருக்கிறார். மழைக்கு முன்னால் செய்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.