சொலிட்டானுக்கும் ‘தனியலை’ போதுமா?

ஐயா, வணக்கம்.

இயற்பியலில் வரும் சாலிட்டரி வேவ் (ஒற்றையாக ஓடும் அலை), சொலிட்டான் (அதில் ஒரு சிறப்பு வகை) இரண்டுக்கும் ‘தனியலை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். முதலாவதற்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. இரண்டாவதற்கு மனம் ஒப்பவில்லை.

1834 ஆகஸ்டில், எடின்பரோவை ஒட்டிய யூனியன் கால்வாயில் பொறியாளர் ஜான் ஸ்காட் ரசல் பார்த்தது தனியலை. குதிரைகள் இழுத்து வந்த படகு சட்டென்று நிற்க, அதன் முன்னால் திரண்ட தண்ணீர் ஓரடி, ஒன்றரை அடி மேடாகக் கிளம்பி ஓடியது. அவர் குதிரையில் ஒன்றிரண்டு மைல் துரத்திக்கொண்டே போனார். பின்னால் பள்ளம் இல்லை, அடுத்த அலை இல்லை, ஒரே மேடு.

1965இல் சபுஸ்கி, குருஸ்கல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கணினியில் கண்டது இன்னொரு குணம். நெட்டை அலைக்கு வேகம் அதிகம். அது பின்னாலிருந்து வந்து குட்டையை எட்டிப் பிடிக்கிறது, கலக்கிறது, பிரிகிறது. பிரிந்தபின் இரண்டுக்கும் பழைய உயரம், பழைய வேகம். மோதாமல் வந்திருந்தால் இருக்கவேண்டிய இடத்தைவிட நெட்டை சற்று முன்னே, குட்டை சற்றுப் பின்னே. மோதியதற்கு அடையாளம் அவ்வளவுதான். துகள்போல நடந்துகொள்வதால்தான் எலக்ட்ரான், புரோட்டான் வரிசையில் ‘சொலிட்டான்’ என்று பெயர் வைத்தார்கள். எல்லாத் தனியலைக்கும் இது வாய்ப்பதில்லை. மோதலில் ஆற்றலைச் சிதறவிடுபவையும் உண்டு. ஒரே சொல் என்றால், பாடம் எழுதுபவர் ‘எல்லாத் தனியலையும் தனியலை அல்ல’ என்று எழுத நேரும்.

சொலிட்டானுக்கு என் பரிந்துரை: தனியன். நொதுமி (நியூட்ரான்), மின்னி (எலக்ட்ரான்) போலத் ‘தனிமி’ என்றுதான் முதலில் எண்ணினேன். தனிமம் பக்கத்திலேயே நிற்கிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளை குழம்பிவிடும். தனியனோ, கூட்டத்தை விட்டுப் பிரிந்து திரியும் விலங்குக்கு ஏற்கெனவே உள்ள பெயர். வைணவர்கள் பாசுரத்துக்கு முன் சொல்லும் தனியன் வேறு துறை, இடர் இல்லை. ஆண்பால் விகுதி ஆயிற்றே என்பீர்கள். நண்டை அலவன் என்கிறோமே.

கூட்டுச்சொல்லும் எளிதாக வருகிறது. கண்ணாடி இழையில் வடிவம் மாறாமல் ஓடும் ஒளித்துடிப்பு ‘ஒளித்தனியன்’. இடறும் இடம் ஒன்றுதான்: சீரான ஒளிக்கு நடுவே ஒரு மங்கல் குழி மட்டும் வடிவம் மாறாமல் ஓடும் ‘டார்க் சொலிட்டான்’ வகை. இருளும் தனியனும் புணர்ந்தால் ‘இருட்டனியன்’ ஆகி, சொல் அடையாளமே தெரியாமல் போகிறது. ‘இருள் தனியன்’ என்று பிரித்தே எழுதலாமா, ஐயா?