சனிக்கிழமை ராத்திரி விமானம்: மரவேலைச் சாமான்களில் எதை எடுத்துப் போவது?

பள்ளத்தூரான்:
அண்ணன்மார்களே, ஆச்சிமார்களே, அவசரம். வெளிநாடு போய் மூன்று மாதம்தான் ஆகிறது. அப்பத்தா கேதத்துக்கு ஊருக்கு வந்தேன். சனிக்கிழமை ராத்திரி திருச்சியில் விமானம். இங்கே வீட்டில் பங்காளிகள் சாமான் பிரிக்கிறார்கள். மங்குப் பாத்திரம், மரவைச் சாமான் (மரத்தில் கடைந்தது) எல்லாம் ஆளுக்கொன்றாகப் போய்விட்டது. என் பங்குக்கு வந்தது இரண்டாங்கட்டில் கிடந்த ஒரு தகரப் பெட்டி. திறந்தால் ஐந்து உளி, இரண்டு இழைப்புளி, புளியங்கட்டையில் ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டம், மரப்பிடி போட்ட வாள். வீட்டில் வேலை பார்த்த ஆசாரி விட்டுப்போனதாம். எனக்கும் அங்கே வீட்டில் சின்னதாக மரவேலை ஆரம்பிக்க ஆசை. இதுவரை ஒரு ஆணிகூட நேராக அடித்ததில்லை. முதலில் என்னென்ன சாமான் வேண்டும்? இந்தப் பெட்டியை எடுத்துப் போகலாமா? காரைக்குடியிலேயே ஒரு ட்ரில் மெஷின் வாங்கிவிடவா, இங்கே விலை குறைவு. ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். அதில் வீட்டுக்காரிக்கு ஊறுகாய் 5 கிலோ.

டொராண்டோ ஆச்சி:
தம்பி, ட்ரில் வாங்காதே. இங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்மூர் 230, 50. எங்கள் வீட்டுக்காரர் தேவகோட்டையிலிருந்து ஒரு மெஷினைச் சுமந்து வந்தார், இன்றைக்கும் நிலவறையில் தூங்குகிறது. முதல் குளிர்காலத்தில் கராஜில் உட்கார்ந்து எனக்கு ஒரு மனைப்பலகை செய்தார். ஒட்டியது ஒட்டவே இல்லை. 10 டிகிரிக்குக் கீழே வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகும் என்று அப்புறம்தான் தெரிந்தது. மரக்கடையில் சட்டத்துக்கு 2×4 அங்குலம் என்று எழுதியிருக்கும், வீட்டில் அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். ஏமாற்றிவிட்டான் என்று நான் கடைக்காரனிடம் சண்டைக்கே போனேன். அறுத்துக் காய்ந்து இழைத்தபின் நிற்கிற அளவு அதுதானாம், இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். அந்த முதல் ஆறு மாதம் நான் அழாத நாளில்லை தம்பி.

சிராங்கூன் சொக்கு:
திருச்சி விமானம் என்றால் சிங்கப்பூர்தானே? அப்படியானால் கேட்டுக்கொள். நான் வந்த புதிதில் ஓர் அறையில் எட்டுப் பேர். மரவேலை செய்ய இடம் எங்கே, கால் நீட்டவே இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஒரு துளை போட்டேன், கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அட்டைப்பெட்டியில் வரும் அலமாரியை வாங்கு, கூடவே ஒரு சாவி தருவான், திருகு, முடிந்தது. உளியெல்லாம் எதற்கு?

ஸ்டுட்கார்ட் கார்த்தி:
ஆச்சி சொல்வது அமெரிக்கா, கனடாவுக்கு. ஐரோப்பாவில் நம்மூர் வோல்ட்தான். ஆனால் நான் சொல்வது வேறு. கைவாளும் இழைப்புளியும் படம் எடுத்துப் போட நன்றாயிருக்கும், வேலை நடக்காது. வட்ட ரம்பம், மரத்தில் பள்ளம் எடுக்கும் ரவுட்டர், உப்புத்தாள் மெஷின், தூசி உறிஞ்சி. இந்த நான்கும் முதலிலேயே வாங்கிவிடு. நான் அப்படித்தான் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொடக்கூடாது, இங்கே அது அமைதி நாள். சனிக்கிழமை கடைக்குப் போய்வரவே சரியாகிவிடும். உண்மையைச் சொன்னால், இரண்டு வருடத்தில் ஒரு செருப்பு அலமாரி செய்திருக்கிறேன்.

உளிச்சத்தம்:
நான்கு மெஷின், ஒரு செருப்பு அலமாரி. கணக்கு நன்றாயிருக்கிறது கார்த்தி.
தம்பி, மெஷின் தப்பையும் வேகமாகச் செய்யும். மரத்தின் நார் ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். அதற்கு இழைப்புளிதான் வாத்தியார். ஓட்டத்துக்கு எதிராக இழைத்தால் பிய்த்துக்கொண்டு வரும், திருப்பிப் பிடித்தால் பட்டுமாதிரி சீவல் சுருளும். ஒரு நாள் போதும், கை கற்றுக்கொள்ளும்.

பினாங்கு மாமா:
எங்கள் ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போனபோது கையில் ஒரு மரப்பெட்டி. நம்மவர்கள் தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கியில் அதுதான் மேசை, அதுதான் அலமாரி, ராத்திரி அதுதான் தலைமாடு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு 23 கிலோ போதவில்லை.

கோட்டையூர் மருமகள்:
கப்பலில் பர்மாத் தேக்கு கொண்டுவந்து வீடு கட்டினார்கள். இப்போது அந்தத் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் சாய்த்து வைத்திருக்கிறது, யாரோ விடுதி கட்டுகிறவர் வந்து வாங்கிப் போகிறார். எங்கள் வீட்டு நிலைக்கதவையே நான் ஒரு நாள் அங்கே பார்த்தேன். விலை கேட்டேன். சொல்ல வேண்டாம், விடுங்கள்.

சிராங்கூன் சொக்கு:
விற்காமல் என்ன செய்வது ஆச்சி? நாற்பது பங்காளிக்கு ஒரே வளவு வீடு. ஓடு மாற்றவே ஒருவருக்கொருவர் முகம் பார்த்துக்கொள்கிறோம்.

டொராண்டோ ஆச்சி:
பங்காளி பேச்சை எடுக்காதே சொக்கு, எனக்கு இரத்தக் கொதிப்பு.

காரை லெட்சுமி:
தம்பி கேட்டு ஆறு மணி நேரம் ஆகிறது. எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லையே? தம்பி, எந்த ஊர், தனி வீடா மாடி வீடா, சொந்தமா வாடகையா, முதலில் என்ன செய்யப் போகிறாய்?

பள்ளத்தூரான்:
மன்னிக்கணும் லெட்சுமியாச்சி, பதற்றத்தில் விட்டுவிட்டேன். மெல்பர்ன். சிங்கப்பூர் வழியாகப் போகிறேன். மூன்றாவது மாடி, வாடகை, சின்ன பால்கனி உண்டு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரு சாமி அலமாரி செய்யணும். ஆவணியில் குழந்தை பிறக்கும், அதற்கு ஒரு கம்பித் தொட்டில் செய்யலாம் என்று ஆசை.

ஜீலாங் மாமா:
அடடா, ஆஸ்திரேலியாவா. இதை முதல் வரியில் சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

முதலில் பெட்டி. மரச்சாமான் என்றால் இறங்கும்போது தரும் அட்டையில் ‘ஆம்’ என்று குறித்துவிடு. குறித்துவிட்டால் அபராதம் கிடையாது, எடுத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மறைத்தால்தான் வம்பு. அவர்கள் தேடுவது பூச்சி, பட்டை, மண். ஆகவே இன்றைக்கே வெயிலில் வைத்துப் பார். மரத்தில் குண்டூசித் துளை இருக்கிறதா, தட்டினால் மாவு மாதிரி கொட்டுகிறதா? உளுத்த கட்டையை விட்டுவிடு. எடுத்து வந்தால் உன் செலவில் மருந்தடிக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் அழிப்பார்கள். புளியங்கட்டை பழசென்றால் எனக்குச் சந்தேகம்தான்.

கொண்டுவர வேண்டியது இரும்பு. இழைப்புளியில் ஆப்பைத் தட்டிக் கழற்று, தகடு தனியாக வந்துவிடும். உளியின் பிடியையும் கழற்றலாம். தகடும் உளியும் சேர்ந்து 2 கிலோ தாண்டாது, ஊறுகாய்க்கு இடம் இருக்கும். கட்டையை இங்கே செய்துகொள்ளலாம். ஆசாரிகளே தேய்ந்த கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய தகட்டுக்குப் புதுக் கட்டை போடுவார்கள். துருவுக்கு ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவு. எல்லாமே ஏற்றும் பெட்டியில்தான் வைக்க வேண்டும், கைப்பையில் உளியோடு போனால் திருச்சியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ட்ரில்: இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் முள் மட்டும் வேறு. ஆனாலும் அங்கே வாங்காதே, இங்கே 18 வோல்ட் பேட்டரி ட்ரில்லாக வாங்கு. பின்னால் வாங்கும் மெஷினுக்கும் அதே பேட்டரி போடலாம், கெட்டுப்போனால் கடையிலேயே மாற்றலாம். இல்லை, அங்கேதான் வாங்குவேன் என்றால் தனிப் பேட்டரியைக் கைப்பையில் வை, ஏற்றும் பெட்டியில் கூடாது. 100 வாட்-ஹவர் வரை விடுவார்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் என்றால் பெருக்கிப் பார், 90.

இனி நீ கேட்ட கேள்வி. முதல் செலவு சாணைக்கு. மழுங்கிய உளிதான் கையை வெட்டும், அழுத்தித் தள்ளுவோம், வழுக்கும். 1000 ஒன்று, 6000 ஒன்று என்று இரண்டு தண்ணீர்க்கல், எண் கூடக் கூட நைசு. காசு இல்லையென்றால் தடித்த கண்ணாடித் துண்டின்மேல் தண்ணீர் உப்புத்தாள் 400, 1000, 2000. முதலில் உளியின் முதுகைத் தட்டையாக்கு. பிறகு சரிவு 25 டிகிரி, நுனியில் மட்டும் 30. மெஷின் கல்லில் வைத்துச் சூடேற்றாதே. நுனி நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று பொருள். கை மயிரைச் சிரைக்கும்வரை தீட்டு. இதற்கு ஒரு வாரம் போகட்டும், பரவாயில்லை.

அடுத்தது பிடிப்பு. ஆசாரி தரையில் உட்கார்ந்து காலாலேயே பலகையைப் பிடித்துக்கொள்வார். உனக்கும் எனக்கும் அது வராது. நான்கு கிளாம்ப் வாங்கு, ஆடாத ஒரு மேசை வேண்டும். அறுக்க ஜப்பானிய இழுவாள், தன் பக்கம் இழுக்கும்போது அறுக்கும், தகடு மெல்லிசு, சத்தம் குறைவு, மாடி வீட்டுக்கு ஏற்றது. மரப்பிடி போட்ட வாளை அங்கேயே விட்டுவிடு. மூலைமட்டத்தைக் கொண்டுவா, ஆனால் சோதித்துப் பார்: பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு, அதையே புரட்டிப் போட்டு இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. அப்புறம் 5 மீட்டர் டேப், உப்புத்தாள் 80, 120, 180, வெள்ளைப் பசை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காது மூடி, நுண்தூசியைத் தடுக்கும் பி2 முகமூடி. முகமூடியில் கஞ்சம் வேண்டாம், மரத்தூள் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. இவ்வளவு போதும். வட்ட ரம்பம் வேண்டாம், பெரிய பலகையைக் கடையிலேயே அறுத்துத் தரச் சொல், பல கிளைகளில் செய்வார்கள்.

மரம் வாங்கும்போது ஒன்று. பச்சை பாய்ந்த ட்ரீட்டட் பைனை (உளுக்காமல் மருந்து ஏற்றிய மரம்) வீட்டுக்குள் கொண்டுவராதே, எரிக்கவும் எரிக்காதே. பலவற்றில் ஆர்சனிக் கலந்த மருந்து. இழைத்த சாதாரணப் பைன் எடு. டாஸ்மேனியன் ஓக் என்று ஒன்று விற்பார்கள், அது ஓக் அல்ல, யூகலிப்டஸ். சாமி அலமாரிக்கு அழகாயிருக்கும். சுவரில் ஆணி வேண்டாம், காலோடு தரையில் நிற்கிற மாதிரி செய்.

மெருகுக்கு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசினால் அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதே. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடு.

தொட்டில் வேண்டாம் தம்பி. இங்கே அதற்குச் சட்டப்படி தரவிதி உண்டு. கம்பி இடைவெளி 50க்குக் குறையாமல், 95 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்கணும். இன்னும் பல. கடையில் வாங்கு. குழந்தைக்கு நீ ஒரு மனைப்பலகை செய், ஒரு வயதில் உட்காரும்.

மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் வீட்டில் மெஷின் சத்தம் வார நாளில் காலை 7 முதல் ராத்திரி 8 வரை, சனி, ஞாயிறு 9 முதல் 8 வரை. பால்கனி போதாவிட்டால் பக்கத்தில் மென்ஸ் ஷெட் இருக்கிறதா பார். பெரியவர்கள் கூடி மரவேலை செய்யும் இடம், ஊருக்கு ஊர் உண்டு. ஒரு தேநீர் குடித்தால் போதும், ரம்பம் பிடிக்கவும் சொல்லித்தருவார்கள்.

உளிச்சத்தம்:
மாமா, இழைப்புளிக் கட்டையையும் விடச் சொல்கிறீர்களே, மனசு கேட்கவில்லை.

ஜீலாங் மாமா:
துளை இல்லாவிட்டால் ஒன்றைக் கொண்டுவரட்டும். நான் வேண்டாம் என்றா சொன்னேன்?

பள்ளத்தூரான்:
வந்து சேர்ந்தேன். ஒரு கட்டையில் துளை, அது வாளோடு பள்ளத்தூரிலேயே இருக்கிறது. கொட்டாப்புளியைச் சித்தப்பா தேங்காய் உடைக்க எடுத்துக்கொண்டார். இன்னொரு கட்டை நன்றாயிருந்தது, கொண்டுவந்தேன். அட்டையில் குறித்திருந்தேன், அந்த அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார், போ என்றார். ஊறுகாயைத்தான் நிறைய நேரம் பார்த்தார்கள்.
மாமா, உளி முதுகை இரண்டு நாளாகத் தேய்க்கிறேன். நடுவில் இன்னும் பள்ளம் தெரிகிறது. இன்னும் எவ்வளவு?

ஜீலாங் மாமா:
நுனியிலிருந்து கால் அங்குலம் தட்டையானால் போதும். மீதியை விட்டுவிட்டு 1000க்குப் போ.