கத்தார் ஒரு சொல்லா இல்லையா? நடுவர்கள் பதில் சொல்லட்டும்

கீழக்கரையான்:
மண்டபம் பக்கம் நேற்று ஒரு சொல் போட்டி. ஐந்து எழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல், கியூ இருக்க வேண்டும், யூ இருக்கக் கூடாது. இதுதான் கேள்வி. என் தங்கை மகன் சட்டென்று கத்தார் என்று எழுதினான். கியூ, ஏ, டி, ஏ, ஆர். யூ எங்காவது இருக்கிறதா? ஆனாலும் நடுவர் அதை அடித்துவிட்டார். அது சொல்லே இல்லையாம்! எங்கள் தெருவில் பாதி வீட்டில் அங்கிருந்து வரும் பணத்தில்தான் அடுப்பு எரிகிறது. 2022-இல் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த நாடு. அது சொல் இல்லையென்றால் வேறு எதுதான் சொல்?

தொண்டி வாத்தியார்:
நடுவர் செய்தது சரி. கத்தார் ஒரு நாட்டின் பெயர். பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்களை ஸ்கிராபிள், அதாவது எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம், ஏற்காது. பையன் எழுதியிருக்க வேண்டியவை: தலாக் (மணமுறிவு), நிகாப் (முகத்திரை), ஃபகீர் (துறவி), கிப்லா (தொழும் திசை). ஆங்கிலத்தில் எல்லாமே ஐந்து எழுத்து, எல்லாவற்றிலும் கியூ உண்டு, ஒன்றிலும் யூ கிடையாது. கீழக்கரைப் பிள்ளைக்கு இவை தெரியாதா? கனாத் என்றும் ஒன்று உண்டு, ஈரானில் நிலத்தடியில் தோண்டிய நீர்க்கால்வாய். 2016-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தண்ணீருக்கு அலையும் நம் மாவட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

கீழக்கரையான்:
பாடம் நடத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேள்வியில் "பெயர் கூடாது" என்று இருந்ததா? இல்லை. கத்தார் ஐந்து எழுத்தா? ஆம். முடிந்தது.

பாம்பன் பையன்:
புர்கா வருமா? பி, யூ, ஆர், கியூ, ஏ.

தொண்டி வாத்தியார்:
அதில் யூ இருக்கிறது தம்பி. கேள்வியைப் படித்துவிட்டு எழுது.

பாம்பன் பையன்:
கியூவுக்கு அடுத்து இல்லையே! பள்ளியில் சொல்லித் தந்தது "கியூ வந்தால் அடுத்தது யூ" என்பதுதான். அந்த விதியைத்தானே உடைக்கச் சொல்கிறார்கள்? புர்கா உடைக்கிறது.

உச்சிப்புளி அக்கா:
சண்டையை விட்டுவிட்டுத் தேடும் வழியைப் பாருங்கள். முதலில் கியூவை ஓர் இடத்தில் நிறுத்துங்கள். முதல் இடத்தில் வந்தால் அடுத்தது பெரும்பாலும் ஏ அல்லது ஐ. நடுவில் வந்தால் முன்னும் பின்னும் உயிரெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், நிகாபும் ஃபகீரும் அப்படித்தான். கடைசியில் வந்தால் தலாக், டிராங்க் (அமைதிப்படுத்தும் மருந்து). கணினி இருந்தால் சொற்பட்டியல் கோப்பில் ஐந்து எழுத்து உள்ளவற்றை மட்டும் வடிகட்டி, கியூ உள்ளதை வைத்துக்கொண்டு, யூ உள்ளதை நீக்கினால் போதும்.

கீழக்கரையான்:
அக்கா, அப்படி வடிகட்டினால் கத்தார் வருமா?

உச்சிப்புளி அக்கா:
பட்டியலைப் பொறுத்தது. லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் கிடைக்கும் சொற்பட்டியலில் நாட்டுப் பெயர்களும் இருக்கும், அதில் வரும். ஸ்கிராபிள் பட்டியலில் வராது.

கீழக்கரையான்:
வரும் என்று அக்காவே சொல்லிவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்டி வாத்தியார்:
பாதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வது உங்களுக்குப் பழக்கம். சரி, விளக்கமாகவே சொல்கிறேன். ஆங்கில ஸ்கிராபிளில் கியூ ஒரே ஒரு கட்டைதான், பத்துப் புள்ளி. யூ நான்கு கட்டை. அந்த நான்கும் போன பிறகு கியூ கையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் ஆடுகிறவர்கள் யூ இல்லாத கியூ சொற்களை உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறார்கள். பெயர்களை அனுமதித்தால் அந்த உழைப்புக்கு என்ன மதிப்பு?

அப்புறம், பெயருக்கு நிலையான எழுத்து எண்ணிக்கையே கிடையாது. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் என்று ஆங்கிலத்தில் எழுதினால் 14 எழுத்து, ராம்நாட் என்று எழுதினால் 6. காதர் என்ற பெயரை ஒருவர் பாஸ்போர்ட்டில் கே போட்டு எழுதுகிறார், இன்னொருவர் கியூ போட்டு எழுதுகிறார். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி ஆணை போட்டு, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றது. இப்படி ஆடிக்கொண்டிருப்பதை வைத்து எழுத்தை எண்ணும் போட்டி நடத்த முடியுமா? கத்தார் பெயர். பெயர் சொல் ஆகாது.

சேதுக்கரைவாசி:
ராம்நாட் என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். வெள்ளைக்காரன் வாயில் நுழையவில்லை என்பதற்காகச் சுருக்கியதை நீங்களும் சொல்ல வேண்டுமா? சேதுபதிகள் ஆண்ட ஊர் இது.

தொண்டி வாத்தியார்:
உதாரணத்துக்குச் சொன்னேன். இதற்குமா கோபம்?

சேதுக்கரைவாசி:
உதாரணத்துக்கு உங்கள் தொண்டியைச் சுருக்குங்கள், பார்ப்போம்.

கீழக்கரையான்:
நன்றாகக் கேட்டீர்கள். காதரை எத்தனை விதமாக எழுதினாலும் கத்தாரை ஒரே விதமாகத்தான் எழுதுகிறார்கள். விசாவில் அப்படி, விமான டிக்கெட்டில் அப்படி. நம்பாவிட்டால் வெளிநாட்டில் வேலை பார்க்கும் எந்தச் சபராளியிடமும் கேளுங்கள். இவருக்குக் கீழக்கரை என்றாலே ஆகாது. போன மாதம் கட்டுமரம் பற்றி இங்கே நடந்த உரையாடல் திரியிலும் இப்படித்தான், கேட்டமரானுக்கு ஆங்கிலத்தில் எட்டு எழுத்து என்று அடித்துப் பேசினார்.

தொண்டி வாத்தியார்:
எட்டு என்று நான் சொல்லவே இல்லை. ஒன்பது என்றுதான் எழுதினேன். எட்டு என்றது பாம்பன் பையன்.

பாம்பன் பையன்:
நானா? வாத்தியார் அண்ணே, நான் அந்தத் திரியில் எழுதவே இல்லை. புர்காவுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தொண்டி வாத்தியார்:
சொல்லியாயிற்று, அதில் யூ இருக்கிறது. கத்தாருக்கும் சொல்லியாயிற்று, அது பெயர். இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும்?

கீழக்கரையான்:
பரிசைப் பையன் கையில் கொடுக்கும் வரைக்கும் எழுதுங்கள்.

சேதுக்கரைவாசி:
கட்டுமரத் திரியை யாராவது மேலே கொண்டு வாருங்கள். அங்கேயும் வாத்தியார் ராம்நாட் என்றுதான் எழுதியிருந்தார்.