நெல்லுக்கு உயிர் உண்டா? மகள் எழுதிய விடை தப்பா?

கேட்டவர்: மன்னை அம்மா

ஆறாவது படிக்கும் மகளுக்கு நேற்று அறிவியல் தாள் திருத்தி வந்தது. உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள்: கல், தவளை, நெல், மேகம், செம்பருத்தி, சுடர். நெல்லை உயிருள்ளதில் எழுதியிருக்கிறாள். தப்பு போட்டிருக்கிறது. கேட்டதற்கு, "நெல் நகருதா, வளருதா, மூச்சு விடுதா? மூட்டையில சும்மாதானே கிடக்கு" என்றார்களாம். "தாத்தா விதைநெல்லை மிதிக்க விடமாட்டாரே, உயிர் இருக்குன்னுதானே அம்மா?" என்று அழுகிறாள். நான் பத்தாவதோடு நின்றவள். அவளுக்கு என்ன சொல்வது?

பதில்: கரிசல்காடு

நெல்லில் உயிர் வரும் வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் பட்டு முளைத்த பிறகுதான் அதற்கு உயிர். அதுவரை கல்லும் நெல்லும் ஒன்று என்பது என் கருத்து.

பதில்: விதைப் பரிசோதனை (ஓய்வு)

தங்கச்சி, உங்கள் மகள் எழுதியது சரி. விதைப் பரிசோதனை நிலையத்தில் 27 வருஷம் இருந்தவன் நான். விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை.

கரிசல்காடு சொன்னதற்கு முதலில் பதில். கல்லை எத்தனை நாள் ஊற வைத்தாலும் முளைக்காது. வெளியிலிருந்து உயிரைக் கொண்டுவந்து சேர்ப்பது தண்ணீரின் வேலை இல்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பதை அது எழுப்புகிறது. நன்றாகக் காய்ந்த விதைநெல்லில் ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த வறட்சியில் முளைக்கருவின் வேலைகள் அநேகமாக நின்றுவிடும். ஆனால் செல்கள் சிதையவில்லை, உள்ளிருக்கும் மரபுக் குறிப்பும் அழியவில்லை. ஈரம் பட்டதும் விதை முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, கிடந்த காலத்தில் தனக்குள் பழுதானதைச் சரிசெய்வது. கல் தன்னைச் சரிசெய்துகொள்ளாது.

முளைப்பதற்கு முன்பே இதைக் கண்ணால் பார்க்கலாம். நெல்லை ஊற வைத்து, முளைக்கருவோடு சேர்த்து நீளவாக்கில் பிளந்து, டெட்ராசோலியம் என்ற உப்பின் நிறமில்லாத கரைசலில் போடுவோம். சில மணி நேரத்தில் உயிருள்ள முளைக்கரு சிவந்துவிடும். அங்கே நடக்கும் சுவாசம்தான் அந்த நிறத்தை உண்டாக்குகிறது. செத்த விதை வெளுத்தபடியே கிடக்கும். முதன்முதலாக அந்தச் சிவப்பைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்று. அறுவடையான புதிதில் சில ரக நெல்லுக்கு விதை உறக்கம் இருக்கும். ஈரம் கொடுத்தாலும் முளைக்காது. 50 டிகிரிச் சூட்டில் சில நாள் வைத்து எடுத்தால் எழும். முளைக்கவில்லை என்பதற்காக உயிரில்லை என்று எழுதிவிட்டால் ஒரு விவசாயியின் நல்ல விதை வீணாகிப்போகும். இஸ்ரேலில் மசாதா கோட்டையில் கிடைத்த, சுமார் 2000 வருஷத்துப் பேரீச்சை விதை ஒன்றை 2005இல் ஊன்றினார்கள். முளைத்து மரமாகிவிட்டது.

நகர்வது, வளர்வது, குட்டி போடுவது எல்லாம் அடையாளங்கள்தான். எல்லா உயிரும் எல்லா நேரமும் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்றில்லை. கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி போடாது, அதற்காக உயிரற்றதாகிவிடுமா? சுடரோ வளர்கிறது, பரவுகிறது, காற்றையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கும் குறிப்பு எதுவும் அதற்குள் இல்லை.

பாப்பாவிடம் கொடுத்து ஒன்று செய்யச் சொல்லுங்கள். விதைநெல் நூறு, மில்லில் அவித்துக் காயவைத்த நெல் நூறு. ஒரு ராத்திரி ஊற வைத்து, தனித்தனியாக ஈரத்துணியில் கட்டட்டும்.

மன்னை அம்மா

ஐயா, கட்டி நாலு நாள் ஆகிறது. விதைநெல்லில் 91 முளைத்திருக்கிறது. அவித்ததில் ஒன்றுகூட இல்லை, நாற்றம் அடிக்கிறது. மாமனார் முளைகட்டின மூட்டைக்குள் அவள் கையை விட்டுக் காட்டினார். "சுடுதும்மா, மூச்சு விடுது" என்று ஓடி வந்தாள். இப்போது அவள் கேள்வி: அவித்த நெல் உயிரற்றதா, செத்ததா? பச்சரிசி அவிக்காததுதானே, அது ஏன் முளைக்கவில்லை?

விதைப் பரிசோதனை (ஓய்வு)

91 நல்ல விதை. சான்று பெற்ற நெல்லுக்கே குறைந்தது 80 இருந்தால் போதும்.

அவித்தது செத்தது. கல்லுக்கு எப்போதும் உயிர் இருந்ததில்லை, இதற்கு இருந்து போனது. விடைத்தாளில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும்.

பச்சரிசி ஒன்றைக் கையில் எடுத்து முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மூலை கடித்தெடுத்தது போலக் குழிந்திருக்கும். முளைக்கரு இருந்த இடம் அதுதான். மில்லில் தீட்டும்போது தவிட்டோடு போய்விட்டது.