'கிரிமினல் புரொஃபைலிங்': தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

மாலதி:

அனைவருக்கும் வணக்கம். குற்றவியல் பட்டயப் படிப்புக்கு ஒரு பாடநூல் மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழாம் இயல் முழுக்க புரொஃபைலிங்தான். செய்தவன் யாரென்றே தெரியாத வழக்கில், குற்றம் நடந்த இடத்தையும் விதத்தையும் வைத்து அவன் வயது என்ன, தொழில் என்ன, எங்கே குடியிருப்பான், எப்படிப்பட்ட ஆள் என்று காவல்துறைக்குக் கணித்துச் சொல்வது. செயலுக்கு, அறிக்கைக்கு, செய்பவருக்கு என்று ஒரே வேரில் மூன்று சொல் வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் 'குற்றவாளி விவரக்குறிப்பு' என்று இருக்கிறது. ஆளே தெரியாதவனுக்கு ஏது விவரம்? ரேஷன் கார்டு மாதிரி இருக்கிறது.

திருமாறன்:

அம்மா, மூலத்திலிருந்து வருவோம். அந்தச் சொல்லுக்குள் இருப்பது இலத்தீன மொழியின் 'ஃபீலும்'. பொருள்: நூல், இழை. கோடிழுத்து உருவம் காட்டுவது என்று பிறகு விரிந்தது. நம்மிடமும் தச்சன் மரத்தின் கோணல் பார்ப்பது நூல் பிடித்துத்தான். நன்னூல் அதையே உவமையாக்கி, 'மாந்தர் மனக்கோட்டம் தீர்க்கும் நூல்' என்கிறது. குற்றவாளியிடம் இருப்பது மனக்கோட்டம். அதை அளப்பது நூல். ஆகவே 'கோட்டநூல்'. செய்பவர் 'கோட்டநூலர்'. வேர் அங்கும் இங்கும் ஒன்றாக அமைவதைக் கவனியுங்கள்.

சலீம்:

ஐயா, கோட்டநூலர் என்றால் வள்ளுவர் கோட்டத்தில் நூலகர் என்று நினைப்பான் பையன். ஸ்டேஷனில் முப்பது வருடம் இருந்தவன் சொல்கிறேன்: நாங்கள் 'எம்.ஓ.' என்போம், அதாவது ஒருவன் வழக்கமாகக் குற்றம் செய்யும் விதம். இன்ன மாதிரி ஓட்டைப் பிரித்து இறங்கினால் இன்ன ஆள். ஆனால் அது ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கும் ஆளைப் பிடிக்க. மாலதி கேட்பது பதிவேட்டிலேயே இல்லாதவனை. இரண்டும் வேறு.

கயல்:

'குணச்சித்திரம்' அழகான சொல்லாயிற்றே? இல்லாவிட்டால் 'உருவரை'.

சலீம்:

முதலாவது சினிமாவில் அப்பா வேடத்துக்குப் போய்விட்டது, இனித் திரும்பாது. இரண்டாவது ஆபத்து. சாட்சி சொல்லச் சொல்ல ஓவியர் முகம் வரைவாரே, அதோடு குழம்பும். இதில் முகமே கிடையாது.

அப்புறம் இன்னொன்று. 'அடையாளம் காணல்' என்று யாராவது கொண்டுவரும் முன் சொல்லிவிடுகிறேன், அது கூடவே கூடாது. நியூயார்க் வெடிகுண்டு வழக்கை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 1940-இலிருந்து 1956 வரை, நடுவே போர்க்கால இடைவெளி விட்டு, 33 குண்டுகள். 22 வெடித்தன. போலீஸ் கடைசியில் ஜேம்ஸ் பிரசல் என்ற மனநல மருத்துவரிடம் போனது. மின் நிறுவனத்தின் மேல் பழைய மனக்குறை உள்ளவன், நடுவயது தாண்டியவன், மணமாகாதவன், பிடிபடும்போது இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டை முழுசாகப் போட்டிருப்பான் என்று அவர் சொன்னாராம். 1957 ஜனவரியில் ஜார்ஜ் மெட்டெஸ்கி பிடிபட்டபோது அப்படித்தான் கோட்டோடு வந்தான். கோட்டுக் கதை, பிரசல் பின்னால் எழுதிய நினைவுக் குறிப்புகளில் வருவது. சரி, பெயரைக் கண்டுபிடித்தது யார்? அந்த மின் நிறுவனத்தின் எழுத்தர் ஒரு பெண்மணி. பழைய இழப்பீட்டுக் கோப்புகளைப் புரட்டியவர், குண்டுக்காரன் கடிதத்தில் இருந்த அதே சொற்களை ஒரு கோப்பில் பார்த்தார். கணிப்பு, எந்த அலமாரியில் தேடலாம் என்று காட்டியது. அவ்வளவுதான். ஆளை அடையாளம் காட்டவில்லை.

திருமாறன்:

சலீம் அவர்கள் அலமாரி என்றதும் எனக்குச் சிலம்பு நினைவு வந்தது. (எப்படி என்று கேட்காதீர்கள்.) கொலைக்களக் காதையில், கோவலனைப் பார்த்த காவலர் 'இலக்கண முறைமையின் இருந்தோன் ஈங்கிவன் கொலைப்படு மகன் அலன்' என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் களவு நூலை விரிக்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணை எட்டு. காவலர் பார்த்தது ஆளின் இலக்கணம், கொல்லன் சொன்னது கள்வனின் இலக்கணம். சொல் நம் வீட்டிலேயே கிடக்கிறது அம்மா. 'குற்றவாளி இலக்கணம்'. கோட்டநூலைத் திரும்பப் பெறுகிறேன், மனமில்லாமல்.

கயல்:

ஐயா, அந்த இலக்கணத்தால் கோவலன் வெட்டுப்பட்டானே! லண்டனிலும் இதேதான். 1992-இல் விம்பிள்டன் பொதுவெளியில் ஓர் இளம்பெண் கொலை. உளவியலாளர் தந்த கணிப்புக்குப் பொருந்துகிறார் என்று ஒருவரை வளைத்து, பெண் போலீஸ் ஒருவரை மாறுவேடத்தில் பழகவிட்டு வாக்குமூலம் வாங்கப் பார்த்தார்கள். 1994-இல் நீதிபதி அந்தச் சான்றை ஏற்க மறுத்தார், வழக்கு விழுந்தது. உண்மைக் கொலையாளி மரபணுச் சான்றில் சிக்கி 2008-இல் ஒப்புக்கொண்டான். 'இலக்கணம்' என்றால் மாணவர்கள் மாறாத விதி என்றல்லவா எடுத்துக்கொள்வார்கள்?

திருமாறன்:

இலக்கணத்துக்குப் புறனடை உண்டு.

யாழினி:

மாலதி அக்கா, நான் வான்கூவரில் இருந்து. 'ஆள்வரைவு' எப்படி? செய்பவர் 'வரைவாளர்', அறிக்கை 'வரைவறிக்கை'. குற்றம் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, ஆள் எங்கே குடியிருக்கலாம் என்று பார்ப்பது 'இடவரைவு'. அதைக் கணக்காக்கிய கிம் ராஸ்மோ இந்த ஊரில் பொலிஸ்காரராக இருந்தவர். சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். தன் வாசலில் செய்ய மாட்டான், தெரியாத ஊருக்கும் போக மாட்டான், இந்த இரண்டுக்கும் நடுவே தேடு என்பதுதான் அதன் சாரம்.

திருமாறன்:

நிலமும் பொழுதும் முதற்பொருள். தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டார். ஆனால் மகளே, 'வரைவு' என்றால் அகத்திணையில் திருமணம். தலைவனைச் சீக்கிரம் மணந்துகொள்ளச் சொல்லித் தோழி நெருக்குவது 'வரைவு கடாதல்'. காவல்துறைக்கு ஏன் இந்தத் தரகு வேலை?

சலீம்:

சிரித்துவிட்டேன். ஆனாலும் யாழினி கட்சிதான். 'வரை' என்றால் எல்லையும்தானே? கோடு கிழித்து 'இதற்குள் தேடு' என்பதுதான் இந்த வேலையே. 1986-இல் லண்டன் ரயில் நிலையங்களை ஒட்டி நடந்த தொடர் வன்கொடுமை, கொலைகளில் டேவிட் கேன்டர் என்ற பேராசிரியர் செய்தது அதுதான். போலீஸ் பட்டியலில் ஏறத்தாழ 2,000 பேர். ஜான் டஃபி 1,505-ஆம் இடத்தில் கிடந்தான். கில்பர்ன் பக்கம் குடியிருப்பான், மனைவியோடு ஒத்துப்போகாதவன் என்று கேன்டர் வரைந்து கொடுத்ததும் அவன் மேலே வந்தான். பின்தொடர்ந்தது, பிடித்தது, சான்று சேர்த்தது எல்லாம் போலீஸ். 'வரைவு' என்ற சொல் வரைவதையும் சொல்கிறது, வரம்பையும் சொல்கிறது.

கயல்:

'புரொஃபைலிங்' என்றே விட்டால் என்ன? ஆசிரியரும் அப்படித்தான் சொல்லப்போகிறார், தேர்வு எழுதுபவனும் அப்படித்தான். வடசொல்லை வடவெழுத்து நீக்கித் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளலாம் என்கிறதே தொல்காப்பியம், அந்த 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்ற நூற்பா ஆங்கிலத்துக்கும் பொருந்தாதா?

திருமாறன்:

பொருந்தாது. அது வடசொல்லுக்கு.

கயல்:

அப்படியென்றால் 'போலீஸ்' என்று நாம் இவ்வளவு நேரம் எழுதியது எந்த நூற்பாப்படி?

(இதன் மேல் பதினான்கு மடல்கள் வந்தன. யாழினி மட்டும், அது 'பொலிஸ்' என்று திருத்தினார்.)

மாலதி:

இன்று வியாழன் இரவு. இனிப் பொறுக்க முடியாது. 'ஆள்வரைவு' என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'அதாவது புரொஃபைலிங்' என்று ஒரு வாலைச் சேர்த்திருக்கிறேன், கயலுக்காக. மரபணுப் புரொஃபைலை இதில் சேர்க்கவில்லை. அங்கே கணிப்பு இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். அதை 'மரபணுக் குறிப்பு' என்றே விட்டேன். முழுத் திருப்தி இல்லை. சலீம் சார் சொன்ன அலமாரி வாக்கியத்தை அடிக்குறிப்பில் சேர்க்கப் பதிப்பாளர் இடம் தரவில்லை.

திருமாறன்:

என் மறுப்பு நிற்கிறது. 'இலக்கணம்'தான் சரி, அடுத்த பதிப்பில் பார்ப்போம். மெய்ப்புப் பார்க்கும்போது 'ஆள்' விழுந்து வெறும் 'வரைவு' என்று அச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. யாராவது கல்யாணப் பத்திரிகை அடித்துவிடப் போகிறார்கள்.