புதுப்பிப்பு: ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிக்கும் டியர் 2 அறிக்கை வேண்டும்

ஜனவரியில் கேட்டிருந்தேன்: அமெரிக்காவில் எங்கள் கிடங்கில் கெமிக்கல் டிரம் ஒன்றுகூட இல்லை, 6 மின்சார ஃபோர்க்லிஃப்ட்தான்; டியர் 2 அறிக்கை (வளாகத்தில் வைத்திருக்கும் அபாயகரமான ரசாயனங்களைப் பற்றி ஆண்டுதோறும் தரும் அறிக்கை) தேவையா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"பேட்டரிக்குள் இருக்கும் கந்தக அமிலத்தைக் கூட்டிப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. லேபிளில் எடை அழுக்கேறிக் கிடந்தது. துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் படித்தேன். 2,800 பவுண்டு. பேட்டரியில் எந்த ரசாயனம் எவ்வளவு என்று சொல்லும் பாதுகாப்புத் தாளின் சதவீதப்படி ஒன்றில் சுமார் 200 பவுண்டு அமிலம், ஆறுக்கும் 1,200. அறிக்கை தர வேண்டிய வரம்போ வெறும் 500!

எதிர்பாராதது ஈயம். அதுவும் 10,000 பவுண்டு வரம்பைத் தாண்டிவிட்டது, அதையும் சேர்த்தேன். அப்புறம் மார்ச் 1 கெடுவுக்குள் மாநில அவசரநிலை ஆணையம், உள்ளூர் அவசரத் திட்டக் குழு, தீயணைப்புத் துறை மூன்றுக்கும் அனுப்பியாயிற்று.