வௌவால் கட்சியா, லிச்சி கட்சியா? ஆசிரிய நண்பர்கள் உதவ வேண்டும்

வணக்கம். மொரீஷியஸில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்குப் பத்து, பதினொரு வயது, வீட்டில் பேசுவது கிரியோல் மொழிதான். ஒரே விஷயத்தைப் பற்றிய எதிரெதிர்க் கட்டுரைகளை ஒப்பிட்டுப் படிக்கப் பழக்கலாம் என்று இங்குள்ள பழந்தின்னி வௌவாலை எடுத்துக்கொண்டேன். லிச்சியும் மாம்பழமும் நாசமாகின்றன என்று தோட்டக்காரர்கள் முறையிட, 2015இல் அரசு சுமார் 30,000 வௌவால்களைக் கொன்றது. ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் ஏற்கெனவே இருந்த அந்த இனம், 2018இல் இன்னும் மோசமான 'அருகிவரும்' நிலைக்கு மாற்றப்பட்டது.

சிக்கல் என்னவென்றால், முதல் பத்தி முடிவதற்குள் பிள்ளைகள் கட்சி சேர்ந்துவிடுகிறார்கள். (வீட்டில் லிச்சி மரம் இருப்பவர்கள் எந்தக் கட்சி என்று சொல்லவே வேண்டாம்!) வௌவால் பழம் தின்கிறது என்பதை இரு தரப்புமே ஒப்புக்கொள்கின்றன. எவ்வளவு தின்கிறது, சுடுவதா, மரத்துக்கு வலை போடுவதா என்பதில்தான் பிரிகின்றன. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க என்ன கேள்விகள் கேட்கலாம்? "யார் சொல்வது சரி?" என்றால் சண்டைதான் மிஞ்சுகிறது.

அப்புறம், தோட்டக்காரர் தரப்பை எளிய தமிழில் ஒரு பக்கத்துக்குள் யாராவது எழுதித் தர முடியுமா? வௌவால் தரப்பை நானே ஒப்பேற்றிவிடுவேன்.